கேளுங்கள் ரீச்சர்: திருத்தவேலை நடக்கும்போது அருங்காட்சியகம் போகலாமா?

(சித்திரம், சிற்பம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குத் திருகோணமலையிலிருந்து ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.)

ரீச்சர், மகள் குடும்பம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. அடுத்த மாதம் நானும் கணவரும் போகிறோம். ரெம்ப்ராண்டின் 'இரவுக் காவல்' படத்தை நேரில் பார்க்கவேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே உள்ள ஆசை. ஆனால் படத்துக்குத் திருத்தவேலை நடக்கிறதாம். கண்ணாடி அறைக்குள் வைத்து, முன்னால் இயந்திரமும் ஆட்களும் நிற்கிறார்களாம். "இப்போது காசு கொடுத்துப் போய் என்ன, முடிந்தபிறகு பார்க்கலாம் அம்மா" என்கிறாள் மகள். என்ன செய்யலாம்?
– வாசகி, உவர்மலை

போங்கள் பிள்ளை. இந்தப் பயணத்திலேயே போங்கள்.

அந்தப் படம் இருக்கும் ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்துக்கு நான் போனது அதன் பெரிய திருத்தக் காலத்தில். பிரதான கட்டடத்தை 2003 டிசம்பரில் மூடினார்கள். திரும்பத் திறந்தது 2013 ஏப்ரல் 13 அன்று. அந்த இடைக்காலத்தில்தான் தம்பி வீட்டில் போய்த் தங்கியிருந்தேன். உங்கள் மகள் சொல்வதையே அவரும் சொன்னார். "அக்கா, எல்லாம் பூட்டிக் கிடக்கிறது, ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வைத்திருக்கிறார்கள்" என்றார். அந்தக் கொஞ்சத்தைப் பார்க்கத்தான் போனேன்.

நம் கோயில்களில் திருப்பணி தொடங்கும்போது பாலஸ்தாபனம் செய்வோம் அல்லவா? மூலஸ்தானத்தை மூடிவிட்டுச் சுவாமியைச் சின்ன இடத்தில் எழுந்தருளச் செய்வோம். அதற்காக யாரும் கும்பிடப் போவதை நிறுத்துவதில்லை. கிட்ட நின்று பார்க்கக் கிடைப்பதும் அப்போதுதான். ரைக்ஸ்மியூசியமும் இதைத்தான் செய்தது. தெற்குப் பக்கத்தில் உள்ள பிலிப்ஸ் பகுதிக்குள் தன் தலைசிறந்த பொருட்களில் சுமார் 400 ஐக் கொண்டுவந்து வைத்தது. இன்றைக்குப் போனால் 80 அறைகளில் சுமார் 8,000 பொருட்கள். முதல்முறை போகிறவருக்கு இரண்டாவது மாடி ஏறும்போதே கண் களைத்துவிடும். அன்று எனக்கு அந்தக் களைப்பு இல்லை. எடுத்து வைத்த ஒவ்வொன்றும் நின்று பார்க்கவேண்டியது.

ஓவியர் வெர்மீரின் பால் ஊற்றும் பெண்ணை அங்கேதான் பார்த்தேன். 45 சென்ரிமீற்றர் உயரம், 41 அகலம், அவ்வளவுதான். புத்தகத்தில் பார்க்கும்போது நீலமும் மஞ்சளும்தான் தெரியும். நேரில், அவளுக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவரில் ஒரு ஆணியும் அதன் நிழலும் ஆணி பிடுங்கிய துளைகளும் தெரிந்தன. பாணின் மேல் வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழுந்திருக்கிறது. வெறும் சுவரை வரைய அந்த மனிதர் எவ்வளவு நேரம் செலவழித்திருக்கிறார் என்று நினைத்து அங்கேயே நின்றுவிட்டேன். தம்பி வெளியே போய்க் கோப்பி குடித்துவிட்டு வந்தார், நான் அப்போதும் அங்கேதான்.

'இரவுக் காவல்' ஏறத்தாழ 3.8 மீற்றர் உயரம், 4.5 மீற்றர் அகலம். 1642 இல் முடித்த படம். கப்டன் கையை முன்னால் நீட்டுகிறார். அந்தக் கையின் நிழல் பக்கத்தில் நிற்கிறவரின் மஞ்சள் சட்டையில் விழுகிறது. வகுப்பில் எத்தனையோ முறை இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த நிழல் எவ்வளவு கறுப்பு, அந்தச் சட்டை எவ்வளவு தடித்த சாயம் என்று கண்டேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இப்போது நடப்பது கட்டட வேலை அல்ல, படத்துக்கான வேலை. 2019 இல் தொடங்கினார்கள். படத்தை எங்கேயோ ஒரு ஆய்வுகூடத்துக்குள் மறைத்து வைக்காமல், அது இருந்த மண்டபத்திலேயே கண்ணாடி அறை கட்டி, வருகிறவர்கள் கண்முன்னாலேயே செய்கிறார்கள். முதல் சில ஆண்டுகள் ஆராய்ச்சி. பிறகு படத்தின் துணியைப் பழைய மரச்சட்டத்திலிருந்து எடுத்துப் புதிய அலுமினியச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார்கள். 2024 நவம்பரில் பழைய வார்னிஷை அகற்றத் தொடங்கினார்கள். 1975 இல் ஒருவர் கத்தியோடு வந்து இந்தப் படத்தைக் கிழித்தார். அதைச் சரிசெய்த காலத்தில் பூசிய வார்னிஷ் அது. கரைப்பானில் நனைத்த மெல்லிய தாளை வைத்து ஒத்தி எடுப்பது, மிச்சத்தைப் பஞ்சுக் குச்சியால் நுண்நோக்கியில் பார்த்துப் பார்த்துத் துடைப்பது, இப்படி விரல் அளவு விரல் அளவாக நகர்கிறது வேலை.

இதைப் பார்க்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள். படம் எப்படி உண்டானது என்று புத்தகங்கள் சொல்லும். படம் எப்படி உயிரோடு காக்கப்படுகிறது என்பதை எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்? ஆட்கள் வேலைசெய்வதைக் காணவேண்டுமென்றால் வாரநாளில் போவது நல்லது. அவர்கள் ஏறி நிற்கும் மேடை படத்தில் ஒரு பகுதியை மறைக்கலாம். மறைத்தால் மற்றப் படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

ஒரு முன்யோசனை மட்டும் வேண்டும். எதைப் பார்க்கப் போகிறீர்களோ அது அங்கே இருக்கிறதா என்று அருங்காட்சியகத்தின் இணையத்தளத்தில் முதலில் பாருங்கள். நான் சொன்ன அந்தப் பால்காரப் பெண் 2009 இல் நியூயோர்க்குக்குப் போயிருந்தாள். அந்த மாதங்களில் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தவர்களுக்கு அவள் இல்லை. திருத்தக் காலத்தில் இப்படி இரவல் போவது கூடவே நடக்கும். ஆண்டு முழுவதும் ஒவ்வொரு நாளும் காலை 9 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். நுழையும் நேரத்தைக் குறித்து இணையத்தில் சீட்டு எடுத்துவிடுங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள், 18 வயது வரை இலவசம்.

அப்புறம், ரெம்ப்ராண்டோடு திரும்பிவிடாதீர்கள். தண்ணீர் சூழ ஒரு தனிக் கட்டடம் இருக்கிறது, ஆசியக் கலைகளுக்கென்று அந்தத் திருத்தத்தின்போது புதிதாகக் கட்டியது. அங்கே நம் நடராசர் நிற்கிறார். 12 ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்து வார்ப்பு, ஒன்றரை மீற்றர் உயரம், ஏறத்தாழ 300 கிலோ. உள்ளே வெற்றிடமா, கட்டியா என்று அறிய, சுங்கப் பகுதியினர் கொள்கலன் லொறிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரேக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். முழுக்க முழுக்கக் கட்டி வார்ப்பு. ஊர்வலத்தில் தோளில் சுமந்த மூர்த்தி, உள்ளே ஏமாற்று இல்லை. இங்கே 1950 இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வந்த சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் பார்வதியும் கோணேசர் கோயிலில் பூவும் தீபமும் பெறுகிறார்கள். அவர்களைக் கும்பிட்டு வளர்ந்த நீங்கள் அந்த நடராசருக்கு முன்னால் நிற்கும்போது மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். பின்பக்கமும் சுற்றிப் பாருங்கள். கோயிலில் அது முடியாது.

ஒரு கட்டடத்தைத் திருத்தப் பத்து ஆண்டுகளா? வெள்ளைக்காரர் நாட்டிலும் இப்படியா?
– வாசகர், நிலாவெளி

அந்தக் கட்டடம் 1885 இல் திறந்தது. கட்டியவர் பியர் கைப்பெர்ஸ். நடுவில் இரண்டு திறந்த முற்றங்கள் வைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் இடம் போதாதென்று அந்த முற்றங்களுக்குள் அறை மேல் அறையாக அடைத்தார்கள், சுவர்ச் சித்திரங்கள் மேல் வெள்ளை அடித்தார்கள். திருத்தம் என்பது பெரும்பாலும் அடைத்ததை எடுத்து, கைப்பெர்ஸ் வரைந்ததைத் திரும்பக் காட்டுவதுதான். பூமிமட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே போகும் ஊரில் நிலத்தைத் தோண்டுவது சுலபமில்லை.

இன்னொன்றும் உண்டு. கட்டடத்தின் நடுவயிற்றுக்குக் கீழாக ஒரு பாதை போகிறது, சைக்கிள்காரர்களின் பாதை. ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் குரூஸும் ஓர்ட்டிஸும் வாசலை அந்தப் பாதைக்குள் வைக்கத் திட்டம் போட்டார்கள். பாதை குறுகும் என்று சைக்கிள்காரர் சங்கம் எதிர்த்தது, கடைசியில் திட்டம்தான் மாறியது. 2008 இல் திறப்பதாக இருந்தது 2013 ஆகிவிட்டது, செலவு 37.5 கோடி யூரோ. தாமதத்துக்காக அன்று எல்லோரும் திட்டினார்கள். எனக்கு அந்த மக்கள் மேல் மதிப்பு வந்தது. தங்கள் ஊர்ப் பாதையை அரச அருங்காட்சியகத்துக்காகக்கூட அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் சைக்கிள்கள் அதற்குள்ளால்தான் போகின்றன.

ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொண்டுபோன பீரங்கி அங்கே இருக்கிறதாமே, பார்க்கலாமா?
– வாசகர், திருகோணமலை நகரம்

இல்லை, அங்கே தேடாதீர்கள். 1765 இல் கண்டி அரண்மனையிலிருந்து எடுத்துப்போன அந்த வெண்கலப் பீரங்கி, வெள்ளியும் பொன்னும் மாணிக்கமும் பதித்தது, 2023 டிசம்பரில் நாடு திரும்பிவிட்டது. கூடவே வாள்களும் கத்தியும் துப்பாக்கிகளும், எல்லாமாக ஆறு பொருட்கள். கொழும்பு தேசிய நூதனசாலையில் பார்க்கலாம். பிரெட்ரிக் கோட்டை வாசலால் தினமும் போய்வரும் நாம் ஒருநாள் பஸ் ஏறிப்போய்ப் பார்க்கவேண்டிய பொருள்.

நான் உயர்தரத்தில் சித்திரம் படிக்கிறேன் ரீச்சர். வெளிநாடு போக வசதி இல்லை. எனக்கு ஏதாவது வழி உண்டா?
– மாணவி, கிண்ணியா

உண்டு மகள், நல்ல வழியே உண்டு. கட்டடம் பூட்டியிருந்த காலத்தில், 2012 இல், ரைக்ஸ்மியூசியம் ஒரு வேலை செய்தது. ஒன்றேகால் இலட்சம் படைப்புகளைத் தெளிவான படங்களாக 'ரைக்ஸ்ஸ்டூடியோ' என்ற பெயரில் இணையத்தில் போட்டது. இப்போது அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. காசில்லாமல் இறக்கலாம், அச்சடிக்கலாம், வெட்டி ஒட்டலாம். கதவைப் பூட்டிய நாட்களில் உலகத்துக்கே ஒரு வாசல் திறந்தார்கள். இதற்காக அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

'இரவுக் காவல்' படத்தை 2022 இல் 71,700 கோடி பிக்சல் நுணுக்கத்தில் வெளியிட்டார்கள். போனிலேயே திறக்கலாம், பெரிதாக்கும் பகுதி மட்டும் வருவதால் டேட்டாவும் பெரிதாகப் போகாது. கண்ணாடி அறைக்கு வெளியே நிற்கிறவருக்குத் தெரியாத தூரிகைக் கோடு கிண்ணியாவில் இருக்கும் உனக்குத் தெரியும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பாய். வலது பக்கம் கீழே, மேளக்காரனைப் பார்த்துக் குரைக்கும் நாயிடம் தொடங்கு. ஆட்ரியான் வான் டி வென்னே என்ற இன்னொரு ஓவியர் வரைந்த நாயைப் பார்த்துத்தான் ரெம்ப்ராண்ட் அதைப் போட்டிருக்கிறார் என்று 2025 இல் கண்டுபிடித்தார்கள். இரண்டு நாயையும் தேடிப் பக்கத்தில் பக்கத்தில் வை. தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கால்களை எங்கே மாற்றியிருக்கிறார் என்று குறித்துக்கொள். பிறகு பென்சிலை எடு, அழிறப்பரைத் தள்ளி வை, இரண்டையும் ஒரே தாளில் வரை. வரைந்ததைப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பு, அடுத்த இதழில் திருத்தித் தருகிறேன்.