குடிக்கிறவருக்கு கவனக்குறைவும் இருந்தா எதை முதல்ல பாக்கணும்?

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒரு சகோதரி கேட்ருக்காங்க. வீட்டுக்காரருக்கு 34 வயசு, அறுப்பு மெஷின் ஓட்டுறார், ஸ்கூல் படிக்கிறப்பவே ஒரு இடத்துல உக்காரமாட்டாராம், இப்ப பத்து வருஷமா தினமும் குடி. இது ஏ.டி.எச்.டி-யா (சின்ன வயசுலேர்ந்தே இருக்கிற கவனக்குறைவும் துறுதுறுப்பும்), மாத்திரை கொடுத்தா குடி நின்னுடுமா, இல்ல தெரிஞ்சவர் சொல்ற குடி மறுவாழ்வு சென்டர்ல மூணு மாசம் போட்ரவான்னு கேக்குறாங்க.

மாத்திரையால மட்டும் குடி நிக்காதும்மா. ரெண்டும் சேந்தே இருக்கலாம், ஆனா தினமும் குடிச்சாலே மறதி, பதட்டம், நிலைகொள்ளாம அலையறது எல்லாம் வரும், அதனால குடி நின்னு சில வாரம் கழிச்சு பாத்தாதான் எது எதனாலன்னு தெளிவா தெரியும். இந்த கவனக்குறைவு 12 வயசுக்கு முன்னாடியே இருந்துச்சான்னு டாக்டர் கேப்பார், மாமியாரை கூட்டிட்டு போங்க, பழைய ரேங்க் கார்டு கிடைச்சா இன்னும் நல்லது.

எப்பவாவது குடிக்கிறவர் வீட்லயே நிறுத்தலாம். ஆனா காலைல கை நடுங்கி ஒரு கட்டிங் போட்டாதான் நிக்குதுன்னா, முன்னாடி வலிப்பு வந்திருந்தா, சட்டுன்னு நிறுத்தவே கூடாது. முதல் ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம், மூணாவது நாள் ஆள் தெரியாம உளறலாம், உயிரே போகலாம். மாலை போட்டுட்டேன், காப்பு கட்டிட்டேன்னு திடீர்னு நிறுத்துறவங்களுக்கும் இதே ஆபத்துதான், சாமி காரியம்னு உடம்பு விட்டுக்கொடுக்காது. அட்மிட் ஆகி, மருந்தோட நிறுத்தணும்.

அந்த "தெரிஞ்சவர்" கமிஷன் வாங்குறாரான்னு முதல்ல விசாரிங்க. ராத்திரி வேன்ல வந்து கைய கட்டி தூக்கிட்டு போறது வைத்தியம் இல்ல. 2017 மனநலச் சட்டத்துல குடிநோயும் வருது, சங்கிலி போடுறதுக்கு அதுல தடையே இருக்கு. சென்டரோட பதிவு சர்டிஃபிகேட்டை கேளுங்க, காட்டலைன்னா வந்துடுங்க. குடி நிக்கும்னு சாம்பார்ல அவருக்குத் தெரியாம கலக்குற பொடியும் வேணாம், அதுல டைசல்ஃபிரம் (குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காம பண்ற மருந்து) இருந்து அதுக்கு மேல குடிச்சார்னா பிரஷர் இறங்கி விபரீதமாயிடும்.

ஏ.டி.எச்.டி உறுதியானா அட்டோமாக்ஸெடின்னு ஒரு மாத்திரை இருக்கு, போதை தராது, வேலை செய்ய சில வாரம் ஆகும், கல்லீரலை பாத்துட்டு டாக்டர் முடிவு பண்ணுவார். மெத்தில்ஃபெனிடேட்டும் ஏ.டி.எச்.டி-க்கு கொடுக்கிறதுதான், ஆனா அது வேற மாதிரி, அதை தப்பா பயன்படுத்த வாய்ப்பிருக்கு, சீட்டு இல்லாம யார் கொடுத்தாலும் வாங்காதீங்க.

எனக்கு கோவம் வர்றது எங்கன்னா, குடிய விட்டுட்டு வான்னு ஒருத்தர் அனுப்புறார், மனசை அங்க பாருன்னு இன்னொருத்தர் திருப்பி அனுப்புறார், நடுவுல குடும்பம் பஸ்ஸுக்கு அலையுது. ரெண்டையும் சேத்து ஒரே டாக்டர் பாக்கணும்னு கறாரா கேளுங்க. தஞ்சாவூர், திருவாரூர் அரசு மெடிக்கல் காலேஜ்ல மனநலப் பிரிவு இருக்கு, போறதுக்கு முன்னாடி அரசோட மனநல உதவி எண் 14416-க்கு போன் போட்டா தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

அறுப்பு முடியட்டும்னு தள்ளிப்போடாதீங்க. மெஷின் ஓனர்கிட்ட பேசி லீவு வாங்குங்க, குடி நிறுத்துற நாள்ல அவரு மெஷின் மேல ஏறவே கூடாது.