வெயில் தாங்கும் வீட்டுக்கு 1.2 லட்சம் கூடுதல்: கடன் வாங்கலாமா?

கேள்வி: திருச்சியில் 1,100 சதுர அடியில் தனி வீடு கட்டப்போகிறோம். வங்கிக் கடன் 20 லட்சம், வட்டி 8.5%, 20 வருடம். மொட்டை மாடியில் சூடு தடுப்பு, மேற்குச் சுவர், சன்ஷேடு எல்லாவற்றுக்கும் 1.2 லட்சம் கூடுதலாகும் என்கிறார் இன்ஜினீயர். 3 கிலோவாட் சோலாருக்கு இன்னொரு 2 லட்சம். அதற்குப் பதில் அந்தக் காசை எஸ்.ஐ.பி.யில் (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில்) போட்டுவிட்டு இரண்டு ஏ.சி. மாட்டினால் போதாதா? இப்போதைய வாடகை மாடி வீட்டிலும் இரண்டு ஏ.சி. உண்டு, ஏப்ரல்-மே பில் 820 யூனிட்.

பதில்: இன்று ராத்திரி பத்து மணிக்குக் கட்டில் மேல் ஏறி, சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெயில் போய் நான்கு மணி நேரமாகியும் சுடும். பகலெல்லாம் கான்கிரீட் குடித்த வெயிலை ராத்திரி உங்கள் தலைமேல் இறக்குகிறது. அதோடு மல்லுக்கட்டத்தான் உங்கள் ஏ.சி. ஓடுகிறது.

1.2 லட்சத்தைக் கடனில் சேர்த்தால் மாதத் தவணை ஏறக்குறைய 1,040 ரூபாய் கூடும், வருடத்துக்கு 12,500. திரும்ப என்ன வரும்? 2024 ஜூலைக் கட்டணப்படி 820 யூனிட்டுக்கு 5,000 ரூபாய்க்கு மேல். அதே வீடு 500 யூனிட்டுக்குள் நின்றால் 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். 500-ஐத் தாண்டியதும் சலுகை குறைகிறது, மேல்படியில் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு, ஒன்பது, பத்து ரூபாய். ஆகவே குறைக்க வேண்டியது அந்த மேல்படி யூனிட்டுகளைத்தான். கோடையின் மூன்று பில்லில் அது முடிந்தால் வருடத்துக்கு 9,000 ரூபாய் போல மிச்சம். தவணை முழுக்க இதில் ஈடாகாது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இரண்டாவது ஏ.சி. வாங்காமல் தப்பித்தால் அந்தக் காசும் கணக்கில் சேரும்.

எஸ்.ஐ.பி.யை அடுத்த வருடம்கூடத் தொடங்கலாம். மேற்குச் சுவரை அடுத்த வருடம் மாற்ற முடியாது. பின்னால் சேர்க்க முடியாத வேலைக்கே கடன் பணம் முதலில் போக வேண்டும். இன்ஜினீயரின் எஸ்டிமேட் வங்கிக்குப் போகும் முன்பே இதெல்லாம் அதில் ஏறிவிட வேண்டும். பாதியில் டாப்-அப் (கூடுதல் கடன்) கேட்டால் அலைச்சலும் வட்டியும் கூடும். வருமான வரியின் புதிய வரிமுறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு வரிக்கழிவு கிடையாது. அதை நம்பிக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

எதில் செலவு செய்வது? முதலில் மொட்டை மாடி. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்-வெல்லத் தண்ணீர் தெளித்துக் கட்டையால் அடித்து அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள் அந்தக் காலத்தில். அப்படிப் போட்ட மாடிக்குக் கீழே மதியம் படுத்துத் தூங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். அடிக்க ஆள் கிடைத்தால் யோசிக்காமல் அதையே போடுங்கள். கிடைக்காவிட்டால் சூடு தடுக்கும் பலகை, அதன்மேல் வெள்ளைக் கூல் ரூஃப் டைல்ஸ். அடுத்தது மேற்குப் பக்கம்: படுக்கையறை அங்கே வேண்டாம், படிக்கட்டும் குளியலறையும் அந்தப் பக்கம் வரட்டும்.

சிமென்ட் வாங்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண சிமென்ட் 50 கிலோ மூட்டை ஒன்றைத் தயாரிக்க ஏறக்குறைய 40 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்டில் அது குறைவு, செலவும் கூடாது. ஆனால் மெதுவாகத்தான் இறுகும், பத்து நாளாவது தண்ணீர் விட வேண்டும். மேஸ்திரியிடம் இதை நீங்களே நின்று சொல்லுங்கள்.

சோலார் நல்லதுதான், பில்லை வேகமாகக் குறைப்பதும் அதுதான். ஆனால் அளவை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். ஒரு கிலோவாட் நாளுக்கு 4 யூனிட் தரும். வீடு குளிர்ச்சியாக அமைந்தால் 3-க்குப் பதில் 2 கிலோவாட்டே போதும். வீட்டு சோலாருக்கு மத்திய அரசு தரும் பி.எம். சூரிய கர் மானியம் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3-க்கு 78,000. முழுத் தொகையையும் நீங்கள் கட்டிய பிறகுதான் மானியம் கணக்கில் ஏறும். அந்தக் கைக்காசை எடுத்து வையுங்கள். திட்டம் 2026-27 நிதியாண்டு வரை என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்குள் புது வீட்டில் ஒரு கோடைப் பில் பார்க்க முடியாது என்றால் 2 கிலோவாட்டோடு தொடங்கிவிடுங்கள். எப்படியானாலும் தளம் போடும்போதே மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை ஒரு பைப் இறக்கச் சொல்லுங்கள், பிறகு சுவரை உடைக்க வேண்டியிருக்காது.