புல்லை எண்ணினால் சோறு போடுமா?

கேள்வி: என் மகள் கோவையில் தாவரவியல் முதுகலை படிக்கிறாள். அவளுடைய பேராசிரியர் வகுப்பில் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் பிள்ளைகளைக் காங்கயம் பக்கம் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்கு இழுத்துப்போய், வெயிலில் கயிறு கட்டிப் புல் எண்ண விடுகிறார். தாவரச் சூழலியல் ஆராய்ச்சியாம். இதற்கெல்லாம் எதிர்காலம் உண்டா?
– ஒரு தகப்பன், வெள்ளகோவில்

பதில்: ‘எண்ண விடுகிறார்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. கொங்கு நாட்டில் இருந்துகொண்டு எண்ணுவதைக் கேலி பேசலாமுங்களா? நாமக்கல்லில் முட்டையை எண்ணுகிறோம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி எந்த மாநிலத்தில் போர் போட்டாலும் அடிக்கணக்குத்தான். ஈரோட்டில் மஞ்சள் மூட்டை, திருப்பூரில் பீஸ். கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு மொய் எழுதுகிறோம். பத்து வருஷம் கழித்து அந்த நோட்டைப் புரட்டி, ‘நமக்கு அவன் ஐந்நூறுதான் வெச்சான்’ என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிக்கிறோம். என் பெரியப்பா மொய் நோட்டைப் பூஜையறையில் வைத்திருந்தார். காட்டுப் பத்திரம் பரணில் கிடந்தது. முட்டையை எண்ணினால் தொழில், மொய்யை எண்ணினால் உறவு, புல்லை எண்ணினால் மட்டும் வெட்டி வேலையா?

திருப்பூரில் ஜிஎஸ்எம் கட்டர் பார்த்திருப்பீர்கள். துணியில் நூறு சதுர சென்டிமீட்டருக்கு வட்டமாக ஒரு துண்டு வெட்டி, எடை போட்டு, நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று வந்துவிடும். அதற்காக ரோல் முழுவதையும் யாரும் வெட்டுவதில்லை. பேராசிரியர் கயிற்றில் கட்டும் சதுரமும் இந்த வேலைதான். டென்மார்க்கில் ரௌங்கியர் என்பவர் நூறாண்டுக்கு முன்பே தரையில் சின்னச் சின்ன வட்டம் போட்டு, எந்தச் செடி எத்தனை வட்டத்தில் அகப்படுகிறது என்று பார்த்தவர். சதுரம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கும் வழி உண்டு. சிறிதாகத் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். புதுச்செடி அகப்படுவது ஓய்கிற அளவில் நிறுத்தலாம். இதைக் கரும்பலகையில் ஒரு மணி நேரம் சொன்னாலும் மண்டையில் ஏறாது. காட்டில் குனிந்தால் பத்து நிமிஷம். பாடம் நடத்தவில்லை என்று யார் சொன்னது?

கொரங்காட்டைப் பற்றி வெள்ளகோவில்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீழே கொழுக்கட்டைப் புல், இடைவெளி விட்டு வெள்வேல் மரம், சுற்றிலும் கிளுவை வேலி. கோடையில் புல் காய்ந்தாலும் மாட்டுக்கு வெள்வேலங்காய் உண்டு. (கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடுகிறவர்களோடு எனக்குள்ள வழக்கு இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குத் தெரியும். கம்பியில் எந்தக் குருவி கூடு கட்டுமுங்க? மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்கிற செங்காந்தள் கொடியைக் கிளுவையில்தான் படரவிட்டார்கள். அந்தப் பூவுக்குக் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். மாநில மலருக்குத் தரகர் வேலை! சரி, விஷயத்துக்கு வருகிறேன்.)

இந்த நிலத்துக்குத் ‘தரிசு’ என்று பெயர் வைத்து, வரிசையாகக் குழி தோண்டி மரக்கன்று நட ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. ஒரு கன்றை ஒன்பது பேர் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். வெயிலில் வளர்கிற புல்லுங்க அது; நிழல் அடர்ந்தால் ஒடுங்கிவிடும். வெள்வேல் நிழல் சன்னமானது, அதனால்தான் இரண்டும் ஒரே காட்டில் இருக்கின்றன. இதை முன்பு எழுதியதற்கு ஒரு சங்கத் தலைவர் என்னை ‘மரத்துரோகி’ என்று மேடையிலேயே திட்டினார். சந்தாவை மட்டும் தவறாமல் புதுப்பிக்கிறார். அவரிடம் ‘புல் குறைகிறது’ என்று சொன்னால், ‘முன்பு எவ்வளவு இருந்தது?’ என்று கேட்பார். அது நியாயமான கேள்வி. பதில் எங்கே இருக்கிறது?

கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறித்து ஒட்டிய செடிகளும் அதில் உண்டு. பொக்கிஷம்தான். ஆனால் ஒரு செடி ஓர் இடத்தில் இருந்தது என்றுதான் அந்தத் தாள் சொல்லும், எத்தனை இருந்தன என்று சொல்லாது. அதற்கு யாராவது குனிந்து எண்ணி எழுதி வைத்திருக்க வேண்டும். முதுமலையில் 1988-இல் இந்திய அறிவியல் கழகத்து ஆர். சுகுமாரின் குழு, 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டமுள்ள ஒவ்வொரு மரத்தையும் கணக்கில் எடுத்தது. அன்றிலிருந்து திரும்பத் திரும்ப அதே இடத்தில் கணக்கெடுக்கிறார்கள். யானை எதை முறித்தது, தீ எதைக் கொண்டுபோனது என்று அங்கே ஊகிக்க வேண்டியதில்லை, நோட்டைப் பார்த்தால் போதும்.

எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். நமது ஜோசியப் பக்கம் நாற்பத்திரண்டாம் பக்கத்தில்.

உங்களுக்கே கொரங்காடு இருந்தால், பேராசிரியரைக் கூப்பிட்டு அதில் இரண்டு சதுரத்துக்கு மூலைக்கல் நட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்றைச் சுற்றி முள் வைத்து மேய்ச்சலை அடைத்துவிடலாம், இன்னொன்றில் மாடு வழக்கம்போல மேயட்டும். அம்மிணி இந்த வருஷம் எண்ணுவாள், அடுத்த வருஷம் வருகிற பிள்ளைகள் அதே கல்லுக்கு நடுவே எண்ணுவார்கள். மத்தியானச் சாப்பாடு உங்கள் செலவு.