கண்புரை அறுவையில் கிருமித் தொற்று: கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர்: சிஸ்டர், அறுவை அரங்கம் அத்தனை சுத்தமாக இருந்தும் கண்ணுக்குள் கிருமி எப்படிப் போகிறது?

பெரும்பாலும் நோயாளியின் சொந்த இமையோரத்திலிருந்துதான். நம் எல்லோருடைய தோலிலும் தீங்கின்றிக் குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்னும் பாக்டீரியா, லென்ஸ் வைப்பதற்காக இடும் சில மில்லிமீட்டர் கீறல் வழியே உள்ளே புகுந்துவிட்டால் பார்வையையே பறிக்கக்கூடும். அதனால்தான் அறுவைக்கு முன் 5 சதவீத பொவிடோன் அயோடின் கரைசலைக் கண்ணில் விட்டு, 3 நிமிடம் காத்திருக்கிறோம். கிருமியைக் கொல்ல அந்த மருந்துக்கு அவகாசம் வேண்டும். வெளியே எத்தனை பேர் வரிசையில் இருந்தாலும், அந்த 3 நிமிடத்தைக் குறைக்க நான் ஒருநாளும் சம்மதித்ததில்லை.

வேலந்தாவளத்திலிருந்து ஒருவர்: ஒரே நாளில், ஒரே இடத்தில் பலருக்குத் தொற்று வந்ததாகச் செய்தி படிக்கிறோமே?

அப்போது இமையைக் குறை சொல்ல முடியாது. எல்லோருக்கும் பொதுவாகப் பயன்பட்ட ஏதோ ஒன்றில்தான் பிழை இருக்கும். கண்ணைக் கழுவும் திரவம், இயந்திரத்தின் குழாய், சரியாக வேகாத கருவி ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஈரம் இருக்குமிடத்தில் செழிக்கும் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா இவ்வகைத் தொற்றுகளில் அடிக்கடி அகப்படுகிறது. கருவிகளை அழுத்த நீராவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவில் நீராவி 121 டிகிரி செல்சியஸை எட்டிய பிறகு குறைந்தது 15 நிமிடம் நிற்க வேண்டும். பொட்டலத்தின் மேல் ஒட்டும் பட்டை நிறம் மாறியதை மட்டும் பார்த்து நிறைவடைவது தவறு. அது வெளியே சூடு பட்டதற்கான அடையாளமே தவிர, உள்ளே கிருமி செத்ததற்கான சாட்சி அன்று. அதற்கு, உயிருள்ள பாக்டீரியா வித்துகளை உள்ளே வைத்துச் சோதிக்கும் முறை தனியே உண்டு.

சித்தூரிலிருந்து ஒருவர்: அறுவை முடிவில் கண்ணுக்குள்ளேயே மருந்து செலுத்துவது அவசியமா?

மிகுந்த பயன் தருகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமத்தின் 6 லட்சம் அறுவைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்தாதபோது 0.07 சதவீதமாக இருந்த தொற்று, செலுத்தியபோது 0.02 சதவீதமாகக் குறைந்திருந்தது.

கொல்லங்கோட்டிலிருந்து ஒருவர்: எரிச்சலுக்கு இளநீர்க்குழம்பு என்னும் ஆயுர்வேதக் கண் மருந்து விடலாமா? ஆற்றில் குளிக்கலாமா?

மருத்துவர் அனுமதிக்கும்வரை இரண்டும் வேண்டாம். மருத்துவர் எழுதிய சொட்டு மருந்தைத் தவிர வேறெதுவும், தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும்கூட, அந்தக் கண்ணில் படக்கூடாது.

கோவிந்தாபுரத்திலிருந்து ஒருவர்: அம்மாவுக்குக் கோவையில் அறுவை நடந்து 4 நாளாகிறது. நேற்றிலிருந்து வலி, பார்வையும் மங்கல். திங்கட்கிழமை மறுபரிசோதனைக்குப் போனால் போதுமா?

போதாது அம்மா, இன்றே புறப்படுங்கள். தொற்றாக இருந்தால் வான்கோமைசின், செஃப்டாசிடிம் மருந்துகளைக் கண்ணுக்குள் ஊசியால் செலுத்த வேண்டியிருக்கும். அதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. கோவை போய்ச் சேரத் தாமதமாகும் என்றால், பாலக்காட்டில் விழித்திரை மருத்துவர் இருக்கும் இடத்துக்குச் செல்லுங்கள். அறுவைச் சீட்டையும் இப்போது விடும் சொட்டு மருந்துகளையும் மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.