படுத்தது நீ, மதிப்பெண் போட்டது அப்பா

கேள்வி: எனக்கு 19 வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் அடிவயிற்று வலி தாங்காமல் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நீர்க்கட்டி என்றார்கள். டாக்டர் எல்லாக் கேள்விகளையும் அம்மாவிடமே கேட்டார். அவர் என்னைப் பரிசோதித்தபோது திரையை இழுத்துவிடவில்லை. பக்கத்தில் நர்ஸும் இல்லை, பயிற்சி டாக்டர்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று கேட்டேன். "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சிரித்தார். டிஸ்சார்ஜ் அன்று கருத்துப் படிவம் கொடுத்தார்கள். அப்பா எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' என்று டிக் அடித்துக் கொடுத்துவிட்டார், பேனாகூட நான்தான் கொடுத்தேன். அக்காவின் பிரசவமும் அங்கேதான், பகைத்துக்கொள்ளாதே என்கிறார் அம்மா. பெயரை மாற்றிக்கொண்டு கூகுளில் திட்டி எழுது என்கிறார்கள் தோழிகள். என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: டாக்டர் கிடக்கட்டும், அவரிடம் பிறகு வருகிறேன். பேனா கொடுத்தேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, முதலில் அதற்குப் பதில் சொல்.

அந்தத் தாளில் என்ன கேட்டிருப்பார்கள்? நோயைப் பற்றி விளக்கினார்களா, மரியாதையாக நடத்தினார்களா, அந்தரங்கம் காத்தார்களா. திரை இழுக்காத அந்த நேரத்தில் அப்பா எங்கே இருந்தார்? மருந்துக் கடை வரிசையில் நின்றிருப்பார், இல்லையென்றால் பில் கட்டிக்கொண்டிருப்பார். படுத்திருந்தவள் பக்கத்தில் நிற்க, பார்க்காததற்கெல்லாம் அவர் 'மிக நன்று' போட்டிருக்கிறார். பணம் கட்டுகிறவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று நம் வீட்டு ஆண்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உன் அப்பாவின் பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மகளிடம் "உனக்கு எப்படி இருந்தது?" என்று ஒரு வார்த்தை கேட்காத பாசத்தை நான் பாராட்டப்போவதில்லை.

உன்னையும் விடுவதாக இல்லை. 18 முடிந்த பெண் நீ. நாளை ஓர் அறுவை சிகிச்சை என்றால் ஒப்புதல் படிவத்தில் உன் கையெழுத்துதான் வேண்டும். "அப்பா, நான் எழுதுகிறேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பெற்றவரிடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, பொய்ப் பெயரில் ஊருக்குக் கேட்கக் கத்துவது என்ன துணிச்சல்? உன் ஒற்றை நட்சத்திரத்துக்குக் கீழே "கருத்துக்கு நன்றி" என்று யாரோ ஓர் ஊழியர் தட்டிவிட்டுப் போவார். வார்டில் திரை இருந்தபடியே இருக்கும்.

சொந்தப் பெயரில், மருத்துவமனை நிர்வாகிக்குக் கடிதம் எழுது. என்ன தேதி, எந்த வார்டு, யார் யார் நின்றார்கள், நீ என்ன கேட்டாய், என்ன பதில் வந்தது என்று நடந்ததை நடந்தபடி எழுது. 'மோசமான டாக்டர்' என்றெல்லாம் எழுதாதே; அது அவர்களுக்குத் தப்பிக்க வழி. ராத்திரியில் எழுந்து வந்து கவனித்த நர்ஸ் யாராவது இருந்தால் அதையும் எழுது, நியாயம் இரண்டு பக்கமும் வேண்டும். உனக்கு என்ன வேண்டும் என்பதையும் சொல்: பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது திரையும் துணைக்கு ஒரு பெண்ணும் இருக்க வேண்டும், உன் மாத்திரைக்கு விளக்கம் வேண்டும். கல்யாணம் நீர்க்கட்டிக்கு மருந்தல்ல. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நீ சிகிச்சையைத் தொடர முடியாது. கடிதத்தைக் கொடுத்ததற்கு நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் திரும்பாதே.

நீ சலுகை கேட்கவில்லை. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில், ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று இருக்கிறது. கருத்துச் சொல்லவும் புகார் கொடுக்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு, புகாரின் முடிவை 15 நாளில் எழுத்தில் தர வேண்டும் என்றும் இருக்கிறது. இதைப் பின்பற்றும்படி மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. சாசனம் தனிச்சட்டம் அல்ல, அதனால் சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. அதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடு. வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் உதவும்.

பதில் வரவில்லையென்றால் மாவட்டத்தில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் இருக்கிறார், தனியார் மருத்துவமனைகளுக்குப் பதிவு கொடுப்பது அந்த அலுவலகம்தான். டாக்டரின் நடத்தை பற்றிய புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். இதேபோல் எனக்குக் கடிதம் எழுதியிருக்கும் மற்றப் பெண்களுக்கும் ஒன்று: அரசு மருத்துவமனை என்றால் 104-ஐ அழைத்துச் சொல்லலாம்.

இதற்கெல்லாம் முன்னால் அப்பாவிடம் போய் உட்கார். திரை இழுக்காததைச் சொல். அம்மாவை வைத்துச் சொல்லி அனுப்பாதே, நீயே சொல். கோபப்படுவார், பிறகு தலை குனிவார். தகப்பனுக்கு அந்தக் கஷ்டத்தைக் கொடுக்கக்கூடாது என்று நினைக்கிறாயா? அது மரியாதை இல்லை, அவரை ஏமாற்றுவது.

அம்மா அக்காவின் பிரசவத்தைக் காரணம் காட்டுகிறார். அதே வார்டு, அதே டாக்டர், இழுக்காத அதே திரை. அங்கேதான் பெரிய மகளையும் படுக்கவைக்கப் போகிறார், அதற்காகச் சின்ன மகள் வாயை மூட வேண்டுமாம்! உடன்பிறந்தவளுக்கு நீ செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது. கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் அவளிடம் ஒருமுறை படித்துக் காட்டு. மாதாமாதம் பரிசோதனைக்குப் போய் வருகிறவள், அவளுக்கும் சேர்க்க இரண்டு வரி இருக்கும்.