இசை மேடை: வாசகர் கேள்வி – பதில்

வெலிங்டன் ராணுவ பேண்டில் இருந்து ஓய்வு பெற்ற மாமாவிடம் ட்ரம்பெட் கற்று, ஜாஸ் வாசிக்கிறேன். தேயிலைத்தூள் விளம்பரம் ஒன்றுக்கு 30 விநாடி இசை கேட்கிறார்கள். ஜாஸ்காரனுக்கு இது சரிப்பட்டு வருமா?
– வாசகர், குன்னூர்

தாராளமாக. லயனல் ஹாம்ப்டன் குழுவில் ட்ரம்பெட் ஊதிய குவின்சி ஜோன்ஸ்தான் பிறகு ஹாலிவுட் படங்களுக்கு இசையமைத்தார். பம்பாய் ஓட்டல்களில் ஜாஸ் வாசித்த சிக் சாக்லேட், இந்தி இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவின் படப் பாடல்களுக்கும் வேலை செய்தார்.

மெட்டைத் தேடுவதற்கு முன் கணக்கைப் போடுங்கள். நிமிடத்துக்கு 96 பீட் வைத்தால் 30 விநாடிக்கு 48 பீட். நாலு பீட் ஒரு பார் என்றால், 12 பார். 12 பாரில் முடிகிற ப்ளூஸ் சுற்று ஒன்று கச்சிதமாக உட்காரும். 20 விநாடிக்குச் சுருக்கச் சொன்னால் 8 பார், 10 விநாடிக்கு 4 பார். 120-இல் போட்டால் 15 பார் வரும். நாலு நாலாகப் பிரித்தால் கடைசி வரி ஒரு பார் குறைந்து நொண்டும். 96-இலேயே வைத்து, 12-ஆவது பாரின் முதல் பீட்டில் ஊதி முடித்துவிடுங்கள். அது 27.5-ஆவது விநாடி, மிச்சம் நாதம் அடங்குவதற்கு.

அடுத்த சிக்கல் குரல். பேச்சின் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கும் இடத்தில்தான் ட்ரம்பெட்டின் கூர்மையும் இருக்கிறது. சத்தத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. குரல் ஓய்கிற இடத்தில் ஊதுங்கள். குரலுக்கு அடியில் வேண்டுமென்றால் ஹார்மன் மியூட் (ட்ரம்பெட்டின் வாயில் செருகும் உலோக அடைப்பான்) போடுங்கள். அது சுருதியை ஏற்றும், குழாயின் நீளத்தை மாற்றும் ட்யூனிங் ஸ்லைடைச் சற்று வெளியே இழுக்க வேண்டும்.

ஜாஸ்காரர்கள் மாட்டிக்கொள்வது வேறொரு இடத்தில். ஒவ்வொரு டேக்கிலும் கற்பனையாக வேறு வேறு வாசித்தால், எடிட்டர் இரண்டை வெட்டி ஒட்ட முடியாது. மனோதர்மத்தை 2 பாரோடு நிறுத்துங்கள். கொடுக்கும்போது ட்ரம்பெட், பேஸ், ரிதம் தனித்தனியாக 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்புகள். ட்ரம்பெட் இல்லாத முழு மிக்ஸ் ஒன்றும் சேர்த்து.

காலையில் ரெக்கார்டிங் வைத்தால் ட்ரம்பெட் கீபோர்டோடு சேராமல் சுருதி இறங்குகிறது. மலை உயரம்தான் காரணமா?
– வாசகர், கொடைக்கானல்

உயரம் இல்லை, குளிர். குழாய்க்குள் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் சுருதி சுமார் 3 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கும். 10 டிகிரி என்றால் அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! உடனே ஸ்லைடை உள்ளே தள்ளாதீர்கள். வாசிக்க வாசிக்கச் சூடேறி, இரண்டாவது டேக்கில் சுருதி மேலே போய்விடும். மவுத்பீஸைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். சத்தம் வராமல் ஐந்து நிமிடம் ஊதிச் சூடேற்றிய பிறகு சுருதி சேருங்கள். நீண்ட இடைவெளி வந்தால், உங்கள் இடம் வருவதற்கு முன் மறுபடி ஊதிக்கொள்ளுங்கள். குளிரில் வால்வு ஒட்டினால் மெல்லிய சிந்தெடிக் ஆயில், வால்வுக்கு மூன்று நாலு சொட்டு. 'களகள' என்றால் தண்ணீர் தேங்கியிருக்கிறது, தண்ணீரை வெளியேற்றும் வாட்டர் கீயைத் திறந்து ஊதுங்கள்.

ஜிங்கிளுக்கு (விளம்பர இசைக்கு) மொத்தமாக உரிமை எழுதிக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், கோத்தகிரி

எவ்வளவு காலத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு என்று பாருங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, நாடு சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். 'என்றென்றைக்கும், உலகம் முழுக்க' என்று இருந்தால் அதற்கேற்ற விலை கேளுங்கள். இரண்டு திருத்தத்துக்கு மேல் தனிக் கட்டணம் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்.