கழிப்பறை வாசல் குறுகல் என்று கர்ப்பப்பையை எடுப்பதா?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் தாராவியில் இருக்கிறோம். என் மகளுக்கு 13 வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம், வீல்சேரில்தான் இருக்கிறாள். நாம் பேசுவது அவளுக்கு ஓரளவு புரியும். அவள் பேசுவது எனக்கு மட்டும்தான் புரியும். போன தீபாவளிக்கு முன்னால் வயசுக்கு வந்தாள். அதிலிருந்து பள்ளிக்கூடத்தில், "அந்த நாட்களில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பேடு மாற்றிவிட இங்கே ஆள் இல்லை" என்கிறார்கள். நான் விடிகாலை 3 மணிக்கு எழுந்து இட்லி அவித்து விற்கிறவள். மாதம் ஐந்து நாள் வியாபாரம் போகிறது. வீட்டில் கக்கூஸ் கிடையாது. பொதுக் கக்கூஸுக்கு மூன்று படி ஏற வேண்டும், வாசலில் வீல்சேர் நுழையாது, தூக்கிக்கொண்டு போனால் உள்ளே இரண்டு பேர் நிற்க இடமில்லை. இப்போது மாமியாரும் நாத்தனாரும் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார்கள். ஒரு டாக்டரும் பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றாராம். போடலாமா?

பதில்: போடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம், முதலில் இதை வீட்டில் சொல்லிவிடுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் என்று 2016-இல் ஒன்று வந்தது. அதன் 10-ஆம் பிரிவு, குழந்தைப்பேறு இல்லாமல் போகச் செய்யும் எந்த மருத்துவச் செயலையும் மாற்றுத்திறனாளி ஒருவருக்கு, அவர் முழுதாக அறிந்து தானாகக் கொடுக்கும் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது என்கிறது. "அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டால் ஆகாதா" என்று உங்கள் நாத்தனார் கேட்பார். அதே சட்டத்தில் கருக்கலைப்பு பற்றிப் பேசும் 92-ஆம் பிரிவில், கடுமையான ஊனம் இருந்தால் மருத்துவர் கருத்தோடு காப்பாளர் சம்மதமும் போதும் என்று ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். 10-ஆம் பிரிவில் அப்படி ஒரு வரி இல்லை. ஆக, காப்பாளர் என்ற சொல்லை மறந்துபோய் விட்டார்கள் என்று வாதாட முடியாது. வேண்டுமென்றே வைக்கவில்லை என்பதுதான் என் வாசிப்பு. கர்ப்பப்பையில் நோய் வந்து, உயிரைக் காப்பாற்ற எடுப்பது வேறு கதை. உங்கள் மகளுக்கு நோய் எதுவும் இல்லை, மாதவிடாய்தான் வந்திருக்கிறது.

இது புதிதாக முளைத்த யோசனையும் இல்லை. 1994-இல் நம் மகாராஷ்டிரத்திலேயே, புனே பக்கம் ஷிரூரில் இருந்த அரசு இல்லத்துப் பெண்களுக்கு, மாதவிடாயைத் தாங்களே சமாளிக்கத் தெரியவில்லை என்று சொல்லி இந்த ஆபரேஷனைச் செய்தார்கள். பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்த பிறகுதான் நின்றது. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பெண்ணின் கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, 2009-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்தப் பெண் குழந்தை வேண்டும் என்று சொல்லியிருந்தாள்; அவள் சொல்லுக்குத்தான் மதிப்பு என்றது.

ஒன்றை நேரடியாகச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் இந்த யோசனையைச் சொல்லும்போது பேடு மட்டும் அவர்கள் மனதில் இருப்பதில்லை. "நாளைக்கு எவனாவது ஏதாவது செய்துவிட்டால்" என்ற பயம் அடியில் இருக்கும். நியாயமான பயம்தான். ஆனால் கர்ப்பப்பையை எடுத்தால் தொட வருகிறவன் நிற்க மாட்டான். நடந்தது வெளியே தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிக்கும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கும் சேர்த்தே சொல்கிறது: கட்டடமும் வசதிகளும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், அந்தப் பிள்ளையின் தேவைக்கு ஏற்ற மாற்றங்களைச் செய்து தர வேண்டும். பேடு மாற்ற ஒரு ஆயாவை ஒதுக்குவது இதில் அடங்கும். உங்கள் மகளின் மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று இருந்தால், 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசமாகப் படிக்கும் உரிமை 31-ஆம் பிரிவில் தனியாகவே இருக்கிறது. மாதம் ஐந்து நாளைக் கழித்துக்கொள்ளலாம் என்று அதில் இல்லை. பள்ளி மாணவிகளின் மாதவிடாய் சுகாதாரத்துக்கு நாடு முழுக்க ஒரே கொள்கை வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024-இல் கொள்கை தயார் என்றது மத்திய அரசு. நல்லது. ஆனால் இம்மாதிரிக் கொள்கைகளில் எல்லாம் பேடைக் கொடுப்பது பற்றித்தான் விலாவாரியாக இருக்கிறது. தானே மாற்றிக்கொள்ள முடியாத பிள்ளைக்கு யார் மாற்றிவிடுவது என்று கேட்டால் பதில் தேட வேண்டியிருக்கிறது. அதனால்தான் 16-ஆம் பிரிவைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பொதுக் கழிப்பறை விஷயத்தில் உங்கள் பக்கம் இன்னும் பலம். அணுகக்கூடிய கழிப்பறை என்பதை 24-ஆம் பிரிவு, "குறிப்பாக நகர்ப்புறக் குடிசைப் பகுதிகளில்" என்று சொல்லியே எழுதியிருக்கிறது. இருக்கும் பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்க 45-ஆம் பிரிவு கொடுத்த ஐந்து வருடம் 2022-இலேயே முடிந்துவிட்டது. "அதெல்லாம் வெறும் வழிகாட்டுதல்தானே" என்று யாராவது சொன்னால், 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது என்று சொல்லுங்கள். தரங்கள் கட்டாயமாக இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. "எப்படியும் தாராவியை இடித்துக் கட்டப் போகிறார்கள், இப்போது எதற்குச் செலவு" என்பார்கள், பாருங்கள். இன்றைக்கு வரும் மாதவிடாய் புதுக் கட்டடம் எழும்பும் வரை காத்திருக்காது. புதிதாகக் கட்டுவதற்கும், அணுகல் விதிப்படி இல்லாத வரைபடத்துக்கு அனுமதியே கொடுக்கக்கூடாது என்று 44-ஆம் பிரிவு இருக்கிறது.

மனுவில் என்ன கேட்பது? "வசதி செய்து தாருங்கள்" என்று மொட்டையாக எழுதினால் ஒரு இரும்புக் கம்பியை நட்டுவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். படிக்குப் பதில் சாய்தளம், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில். 900 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கதவு. உட்காரும் கோப்பை, பிடிக்கக் கம்பி, கைக்கெட்டும் குழாய், மூடி போட்ட குப்பைத் தொட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, உதவிக்கு வருகிறவரும் உள்ளே நின்று வேலை செய்ய இடம். வரைபடம் போடுகிறவர்கள் வீல்சேரில் வருகிறவர் தனியாகவே வருவார் என்று நினைத்துவிடுகிறார்கள்.

மனுவை மாநகராட்சியின் ஜி நார்த் வார்டு ஆபீஸில் உதவி ஆணையர் பெயருக்குக் கொடுங்கள். பள்ளிக்குத் தனியாக இன்னொன்று. மராத்தியில் எழுதினால் சீக்கிரம் நகரும். அக்கம்பக்கத்தில் படிக்கிற பிள்ளைகள் யாராவது எழுதித் தருவார்கள். இரண்டிலும் உங்கள் நகலில் சீலும் இன்வர்ட் நம்பரும் (மனு வந்து சேர்ந்ததைப் பதிவு செய்யும் எண்) வாங்காமல் வெளியே வராதீர்கள். ஒரு மாதம் பாருங்கள். அசையவில்லை என்றால் புனேயில் இருக்கும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் அனுப்பலாம், தபாலே போதும். சம்பந்தப்பட்டவர்களை அழைத்து விசாரிக்க அவருக்கு சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரைத்தால், என்ன செய்தோம் என்று மூன்று மாதத்துக்குள் அவருக்குச் சொல்லியாக வேண்டும். வக்கீல் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் போடுங்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். பள்ளி எந்தெந்தத் தேதியில் வர வேண்டாம் என்றது, யார் சொன்னார் என்று சுவர்க் காலண்டரில் அன்றன்றைக்கே குறித்து வையுங்கள். உங்களுக்கு இட்லி அவிக்கவே நேரம் போதாது. இந்த வேலையை மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள்.